ரிவெட் ஓட்டை பெரிதாகிவிட்டது, அனுபவமுள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். ஒஹாயோவில் வீட்டு கராஜில் வேன்ஸ் ஆர்வி-7 என்ற இரண்டு இருக்கை கிட் விமானத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது வால் பகுதி நடக்கிறது. வெர்டிகல் ஸ்டெபிலைசரின் (வாலில் செங்குத்தாக நிற்கும் பகுதி) பின் ஸ்பாரும் (உள்ளே சுமையைத் தாங்கும் சட்டம்) அதை வலுப்படுத்தும் டப்ளர் தகடும் சேரும் இடத்தில் 1/8 அங்குல ரிவெட் அடிக்கும்போது பின்பக்கம் முட்டுக்கொடுத்துப் பிடிக்கும் இரும்புக்கட்டியான பக்கிங் பார் நழுவி, ரிவெட்டின் கால் ஒரு பக்கமாக மடங்கிவிட்டது. தலையைத் துளைத்து எடுக்கும்போது டிரில் விலகிவிட்டது. ஓட்டை இப்போது வட்டமாக இல்லை, முட்டை வடிவம்.

அடுத்த அளவான 5/32 அங்குல ரிவெட்டுக்குப் போகலாமா? ஓட்டையின் மையத்திலிருந்து தகட்டின் விளிம்புவரை ரிவெட் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு, அதாவது 5/16 அங்குலம் வேண்டும். நான் அளந்ததில் மயிரிழைதான் மிச்சம். ஸ்பாரையே மாற்றச் சொன்னாலும் சரி, மாற்றிவிடுகிறேன். இதில் என் மகளை உட்கார வைத்துப் பறக்கப்போகிறேன், அரைகுறை மனதோடு மூட முடியாது.

கிட் கம்பெனிக்கும் எழுதியிருக்கிறேன். அதற்குள், இதே இடத்தில் இப்படிச் சரிசெய்தவர்கள் இருந்தால் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள், படம் இருந்தால் இன்னும் நல்லது. அப்புறம், டேட்டன் பக்கம் நேரில் வந்து பார்க்கக்கூடிய ஈஏஏ (வீட்டில் விமானம் கட்டுவோருக்கு உதவும் சங்கம்) டெக்னிக்கல் கவுன்சிலர், அதாவது கட்டுமானத்தைப் பார்த்து ஆலோசனை சொல்பவர், யாரையாவது தெரியுமா? இந்தச் சனிக்கிழமை முழுக்க கராஜில்தான் இருப்பேன்.