குடும்பக் குழு: நாளை இரவு முழுச் சந்திர கிரகணம்

அண்ணன்: நாளை இரவு யாரும் சீக்கிரம் படுத்துவிடாதீர்கள். முழுச் சந்திர கிரகணம். மேகம் வந்துவிடக் கூடாதே என்று காலையிலிருந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அத்தை: கண்ணாடி ஏதாவது வேண்டுமா? சூரிய கிரகணத்துக்கு ஆளுக்கொன்று வைத்திருந்தோமே.

சித்தப்பா: வேண்டாம் அக்கா, வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். பைனாகுலர் இருந்தால் இன்னும் நல்லது.

தங்கை: எப்போது வெளியே வந்து நிற்க வேண்டும் சித்தப்பா?

சித்தப்பா: முதலில் வருவது புறநிழல், அதாவது பூமி நிழலின் மங்கலான வெளிப்பகுதி, கண்ணுக்கு அவ்வளவாகப் பிடிபடாது. நடுவில் இருக்கும் அடர்ந்த கருநிழல் தொடும்போது வந்தால் போதும். நிலாவின் ஓரத்தில் கடித்தது போல ஒரு வளைவு விழும். அதை நன்றாகப் பார்த்துக்கொள், அது நம் பூமியின் விளிம்பு! பூமி உருண்டை என்பதற்கு அரிஸ்டாட்டில் சொன்ன சான்றுகளில் இந்த வளைவும் ஒன்று.

நான்: எனக்கு அதற்கப்புறம் வரும் சிவப்பைத்தான் பார்க்க வேண்டும்.

அத்தை: நிழல் என்றால் கறுப்பாகத்தானே இருக்கும்? சிவப்பு எங்கிருந்து வருகிறது?

நான்: பூமியைச் சுற்றியிருக்கும் காற்று, சூரிய ஒளியை வளைத்து நிழலுக்குள் அனுப்புகிறது அத்தை. வழியிலேயே நீலம் சிதறிவிடும், சிவப்புதான் போய்ச் சேரும். அந்த நேரத்தில் பூமியில் எங்கெல்லாம் சூரியன் உதிக்கிறதோ, எங்கெல்லாம் மறைகிறதோ, அத்தனை இடத்துச் செவ்வானமும் சேர்ந்து நிலாமேல் விழுகிறது.

அத்தை: இதை இத்தனை நாள் யாரும் எனக்குச் சொல்லவே இல்லையே! நாளை எனக்குத் தூக்கம் கிடையாது.

அண்ணன்: ஆனால் எவ்வளவு சிவக்கும் என்று முன்கூட்டி உறுதியாகச் சொல்ல முடியாது. 1991இல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலை வெடித்தது. அது கக்கிய தூசும் புகையும் உயரக் காற்றில் தங்கி ஒளியை மறைத்ததால், அடுத்த ஆண்டு டிசம்பர் கிரகணத்தில் நிலா ரொம்பவே இருண்டுவிட்டது.

தங்கை: அப்படியென்றால் ஆளுக்கொரு கணிப்பு சொல்வோமா?

சித்தப்பா: சொல்லலாமே. அதற்கென்றே டான்ஜான் அளவுகோல் இருக்கிறது. 0 என்றால் நிலா இருக்கிற இடமே தெரியாத இருட்டு. 1 சாம்பல் அல்லது பழுப்பு, 2 துருச் சிவப்பு, 3 செங்கல் சிவப்பு, 4 பளிச்சென்ற செம்பு நிறம்.

அத்தை: எனக்கு 4.

தங்கை: 3.

அண்ணன்: 2. போனில் படம் எடுப்பவர்கள் ஸ்டாண்டில் வைத்து எடுங்கள். மங்கிய நிலா, கை கொஞ்சம் ஆடினாலும் கலங்கிவிடும்.

நான்: நானும் 3. நிலா முழுக்கச் சிவந்ததும் சுற்றிலும் பாருங்கள். நிலா வெளிச்சத்தில் தெரியாமல் இருந்த நட்சத்திரங்கள் எல்லாம் தெரிய ஆரம்பிக்கும்.

அத்தை: ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோமே, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரியுமா?

சித்தப்பா: தெரியும் அக்கா. சூரிய கிரகணம்தான் ஊருக்கு ஊர் நேரம் மாறும். இதில் நிழல் நிலாமேலேயே விழுகிறது, அதனால் நிலா தெரிகிற எல்லோருக்கும் ஒரே கணத்தில் தொடங்கும்.

அத்தை: சரி, நிழல் தொட்டதை முதலில் பார்ப்பவர் உடனே இங்கே போடுங்கள்.

அண்ணன்: நடுவில் மேகம் மறைத்தாலும் உள்ளே போய்விடாதீர்கள். முழு மறைப்பு சட்டென்று முடிவதில்லை, 2018 ஜூலையில் 103 நிமிடம் நீடித்தது.

தங்கை: அலாரம் வைத்துவிட்டேன். சித்தப்பா, உங்கள் எண் இன்னும் வரவில்லையே?

சித்தப்பா: 4. அக்கா பக்கம்தான் நானும்.