'பாத்து வா'ன்னு சொல்லாதீங்க மாமா

காவேரிப்பட்டினம் தாய்மாமன்:

பார்வைக் குறைபாடுள்ள விளையாட்டு வீரர்களோடு பழகிய அனுபவம் இருந்தால் எழுதச் சொல்லியிருந்தீர்கள். எனக்கு அது வீட்டிலேயே இருக்கிறது.

என் அக்கா மகனுக்கு இப்போது 19 வயது. பத்தாவது படிக்கும்போது, போர்டில் எழுதியதெல்லாம் நடுவில் மட்டும் அழிந்த மாதிரி தெரிகிறது என்றான். கண்ணாடி மாற்றினோம், சரியாகவில்லை. பெங்களூருக்குக் கூட்டிப்போய் விழித்திரையைப் படம் எடுத்துப் பார்த்ததில் ஸ்டார்கார்ட் என்றார்கள். மரபணுவால் வருவது. பார்வையின் நடுப்பகுதி மங்கிக்கொண்டே போகும், ஓரப்பார்வை மிஞ்சும். அதனால் என் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றால் அவன் என் காதைப் பார்ப்பான். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்த சொந்தக்காரர்கள், "கண்டும் காணாத மாதிரி போறான்" என்று கோபித்துக்கொள்வார்கள். ஒவ்வொருவருக்கும் நான்தான் விளக்கம் சொல்வேன்.

ஓட்டத்தை மட்டும் அவன் விடவில்லை. விடியற்காலையில் கே.ஆர்.பி. அணைப் பக்கம் மாந்தோப்பு ஓரமாகப் போகும் ரோட்டில் நான் முன்னால், அவன் பின்னால். ஒருநாள் சின்னப் பாலம் ஒன்றின் ஓரம் இடிந்து கிடந்தது. "பாத்து வா, அங்க பள்ளம்!" என்று கத்திக் கையை நீட்டிக் காட்டினேன். கையை எப்படிப் பார்ப்பான்? விழுந்தான். முட்டி கிழிந்தது, தாடையில் மூன்று தையல். தையல் போட்ட கையோடு அவன் சொன்னான்: "மாமா, 'பாத்து வா'ன்னு சொல்லாதீங்க. எந்தப் பக்கம், எத்தனை அடில, அதைச் சொல்லுங்க."

பிறந்ததிலிருந்து எல்லோருக்கும் நான் சொல்லி வந்த வார்த்தை அது. அன்றோடு நிறுத்தினேன்.

அப்புறம்தான் பிரையன் மெக்கீவர் பற்றி அவன் சொன்னான். கனடாக்காரர், நெடுந்தூரப் பனிச்சறுக்கு வீரர். மலையிலிருந்து சர்ரென்று இறங்கும் சறுக்கு இல்லை இது. காட்டுப் பாதையில் மேடும் பள்ளமுமாகக் கிலோமீட்டர் கணக்கில் கால்களாலும் கைக்கோல்களாலும் உந்திப் போக வேண்டும். அவருக்கும் இதே ஸ்டார்கார்ட். 19 வயதில்தான் தெரிந்திருக்கிறது. அண்ணன் ராபின், 1998 நாகானோ ஒலிம்பிக்கில் போட்டியிட்டவர், தம்பிக்கு வழிகாட்டியாக முன்னால் சறுக்கினார். 2002 முதல் 2022 வரை ஆறு பாராலிம்பிக், 16 தங்கம். வழிகாட்டிக்கும் பதக்கம் உண்டு என்று கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

2010 வான்கூவரில் பார்வையுள்ளவர்களின் ஒலிம்பிக் அணியிலும் அவர் பெயர் இருந்தது. 50 கி.மீ. போட்டிக்குக் காத்திருந்தவரைக் கடைசி நேரத்தில் களமிறக்கவில்லை. சில நாள் கழித்து அதே ஊரில் பாராலிம்பிக்கில் மூன்று தங்கம் வாங்கினார். இதைச் சொல்லும்போதெல்லாம் என் மருமகன் குரல் கொஞ்சம் ஏறும்.

என் தப்பை நினைத்துத் தூக்கம் வராத நாளில் அவனே வெரேனா பென்டலே கதையையும் சொன்னான். பிறவியிலேயே பார்வையில்லாத ஜெர்மன் பனிச்சறுக்கு வீராங்கனை. 2009-ல் ஒரு போட்டியில் வழிகாட்டி இடது, வலதை மாற்றிச் சொல்லிவிட்டார். சரிவில் விழுந்ததில் முட்டி ஜவ்வு கிழிந்தது, கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் அடி. மறு வருஷம் அதே வான்கூவர் பாராலிம்பிக்கில் வேறு ஒரு வழிகாட்டியின் குரலை நம்பி இறங்கி ஐந்து தங்கம் எடுத்தார். "அவங்களே திரும்ப நம்புனாங்க மாமா, எனக்கு மூணு தையல்தானே" என்றான்.

இப்போது நாங்கள் ஓடும்போது நான் பேசுவது இப்படி: "இடது, பத்தடி, வேகத்தடை." "வலது ஓரம், நாய், படுத்திருக்கு." "நேரா, ஏத்தம், நூறடி." கறுப்பு ரோட்டில் அவன் ஓரக்கண்ணுக்குப் பிடிபடுகிற மாதிரி ஆரஞ்சு டீ-ஷர்ட்தான் போடுவேன்.

ஆனால் ஒரு சிக்கல். வழிகாட்டி ஓடுபவரைவிட வேகமாக இருக்க வேண்டும். பேசிக்கொண்டும் திரும்பிப் பார்த்துக்கொண்டும் ஓட மூச்சு மிச்சம் வேண்டும். மெக்கீவரே பின்னாளில் இரண்டு வழிகாட்டிகளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார். இவன் 10 கி.மீ.யை 39 நிமிடத்தில் முடிக்கிறான். எனக்கு 44 வயது. மூன்றாவது கிலோமீட்டரில் என் குரல் உடைவது அவனுக்குக் கேட்கிறது, எனக்காக வேகத்தைக் குறைக்கிறான். அதை என்னால் தாங்க முடியவில்லை.

தருமபுரி டீச்சர்:

அண்ணா, நான் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். பனியையே தொட்டறியாத அவர்களுக்கு இந்த விளையாட்டைச் சொன்னபோது சறுக்கைவிடத் துப்பாக்கிதான் பிடித்தது. பயத்லான் என்று ஒன்று உண்டு, சறுக்கிக்கொண்டே வந்து, சறுக்கை நிறுத்திவிட்டுச் சுட வேண்டும். பார்வையில்லாதவர்கள் காதில் கேட்கும் ஒலியை வைத்துச் சுடுகிறார்கள். குறி மையத்தை நெருங்க நெருங்க ஒலி உச்சத்துக்கு ஏறும். ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்து, கை கிட்டே வர வர என் குரலை ஏற்றினேன். மூன்றாம் வகுப்புப் பையன் ஒரே நீட்டலில் தொட்டான். அன்று முழுக்க வகுப்பில் டம்ளர் சத்தம்தான்.

ஒரு பெண் கேட்டாள், "முழுசா பார்வை இல்லாத பிரிவுல ஏன் டீச்சர் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிடறாங்க?" சிலருக்கு வெளிச்சம் மட்டும் தெரியும், அந்தச் சின்ன வித்தியாசம்கூட இருக்கக் கூடாது என்பதற்காக என்றேன். "அப்ப அது நியாயம்" என்றாள்.

ஓசூர்க்காரன்:

அண்ணே, நான் 10 கி.மீ. 36 நிமிடத்தில் ஓடுவேன். வழிகாட்டிப் பழக்கமில்லை, நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும். இந்த ஞாயிறன்று முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிறேன். முதல் இரண்டு கிலோமீட்டர் நீங்கள் பேசுங்கள், நான் பக்கத்தில் ஓடிக் கேட்டுக்கொள்கிறேன். அப்புறம் நான் பேசுகிறேன். தம்பிக்கு ஆரஞ்சுதான் நல்லாத் தெரியுமா, இல்லை பளீர் மஞ்சளா? கேட்டுச் சொல்லுங்கள், அந்த நிறத்திலேயே வாங்கிவிடுகிறேன்.