கணினிக் கணக்குக்கு விதி எழுதும் தன்னார்வக் குழுக்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பாயான் லெப்பாஸ் பொறியாளர்:

பினாங்கில் சில்லு வடிவமைப்பைச் சரிபார்க்கும் வேலையில் இருப்பவர்களுக்கு 754 என்ற எண்ணை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கூட்டல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஆகியவற்றுக்குக் கடைசி பிட் (0 அல்லது 1 என்ற ஓர் இலக்கம்) வரை என்ன விடை வர வேண்டும் என்று சொல்வது, மின், மின்னணுப் பொறியாளர்களின் அமைப்பான ஐ-டிரிபிள்-இயின் அந்தத் தரநிலைதான். நம் சில்லு ஒரு பிட் விலகினாலும் அது பிழை. அதற்கு மேல் பேச்சே இல்லை. இவ்வளவு அதிகாரமுள்ள ஆவணத்தை எழுதியது யார் என்று எங்கள் பிரிவில் கேட்டுப் பாருங்கள். "அமெரிக்காவில் ஏதோ ஓர் அலுவலகம்" என்பார்கள். அப்படி ஓர் அலுவலகம் கிடையாது. கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தவர்கள் எழுதியது அது. அவர்களுக்குக் குழு ஒரு காசும் கொடுப்பதில்லை.

நான் அந்தக் குழுவைத் தேடிப் போனதற்குக் காரணம், "இரண்டில் பெரியது எது?" என்ற கேள்வி. கணினியில் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் 'எண்ணல்ல' என்று ஒரு குறி வரும். அதில் இரண்டு வகை: பேசாமல் இருப்பது ஒன்று, தொட்டவுடன் எச்சரிக்கை எழுப்புவது மற்றொன்று. 2008 பதிப்பின் விதிப்படி, பேசாத குறியும் ஓர் எண்ணும் வந்தால் எண்ணே விடை. எச்சரிக்கும் குறி வந்தால் விடை பேசாத குறியாகிவிடும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நியாயமான விதிகள். இப்போது 3, எச்சரிக்கும் குறி, 2 என்று மூன்றை வரிசையாக வையுங்கள். முதல் இரண்டை முதலில் ஒப்பிட்டால் பேசாத குறி கிடைக்கும். அதை 2 உடன் ஒப்பிட்டால் விடை 2. கடைசி இரண்டை முதலில் ஒப்பிட்டுவிட்டு 3 க்கு வந்தால் விடை 3. அதே மூன்று உள்ளீடுகள், இரண்டு விடைகள். வேலையைப் பல கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடும் இயந்திரத்தில் எந்த ஒப்பீடு முந்தும் என்று யாரால் சொல்ல முடியும்?

எங்கள் சோதனைகளில் இது தலைகாட்டியபோது வடிவமைப்பைத்தான் முதலில் சந்தேகித்தோம். பிறகு குழுவின் பழைய மின்னஞ்சல்களையும் கூட்டக் குறிப்புகளையும் படிக்க உட்கார்ந்தேன். எல்லாம் பொதுவில் கிடந்தன. இதே குறையை ஏற்கெனவே சிலர் எடுத்துச் சொல்லி, மாற்று விதிகளை எழுதி, ஒருவர் விதியை இன்னொருவர் உடைத்துக் காட்டி, மீண்டும் எழுதியிருந்தார்கள். 2019 பதிப்பில் பழைய செயல்பாடுகள் நீக்கப்பட்டு, எந்த வரிசையில் ஒப்பிட்டாலும் ஒரே விடை தரும் புதியவை வந்தன. தங்கள் குழுவே வெளியிட்ட விதியை எடுத்துவிட்டு வேறு எழுதும் மனம் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

இப்போது எண்கணிதக் குழுக்களின் இணையவழிக் கூட்டங்களில் முடிந்தபோதெல்லாம் அமர்கிறேன். கலிபோர்னியாவில் காலை 9 மணி என்றால் இங்கே நள்ளிரவு 12. அவர்களுடைய குளிர்காலத்தில் 1 ஆகிவிடும். இயந்திரக் கற்றலுக்கென 8 பிட் எண்களை வகுக்கும் பி3109 குழுவின் அறிக்கையை வாசித்துப் பாருங்கள். 8 பிட்டில் மொத்தமே 256 இடங்கள்தான். ஆகவே ஒவ்வொன்றுக்கும் போட்டி. 754 இல் மைனஸ் பூஜ்யம் என்று தனியாக ஒன்று உண்டு. இவர்கள் அதை எடுத்துவிட்டு, அந்த ஓர் இடத்தை 'எண்ணல்ல' குறிக்குக் கொடுத்தார்கள். ஒரே இடத்துக்கு எத்தனை பக்கம் நியாயம் இருக்க முடியும் என்பது படிக்கும்போதுதான் தெரியும்.

பிரிக்பீல்ட்ஸ் மென்பொருளாளர்:

வணக்கம் அண்ணா. சில்லுப் பக்கம் எனக்குப் பழக்கமில்லை. கோலாலம்பூரில் உணவகங்களுக்குப் பில் போடும் மென்பொருள் எழுதுகிறேன். ஆனால் அதே 754 என்னையும் தேடி வந்தது.

வாழையிலை உணவகம் நடத்தும் ஓர் அக்கா, ரசீதையும் கால்குலேட்டரையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டார். சாப்பாடு 16.75 வெள்ளி (ரிங்கிட்). 6 விழுக்காடு சேவை வரி. அவருடைய கால்குலேட்டரில் 1.005, அதாவது 1.01 வெள்ளி. எங்கள் ரசீதில் 1.00. பழைய நிரல் பணத்தை 0, 1 மட்டும் கொண்ட இரும எண்ணில் வைத்திருந்தது. இரும முறையில் 0.06 சரியாக அமையாது, மயிரிழை குறையும். அதனால் பெருக்கல் 1.005 ஐத் தொடாமல் 1.00499999 என்று நின்றுவிடும். கால்குலேட்டர் நம்மைப் போலப் பத்தடிமான முறையில் கணக்கிடுவதால் அதற்கு இந்தச் சிக்கல் இல்லை.

ரொக்கம் கொடுப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. 2008 ஏப்ரல் 1 முதல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 1 சென் நாணயத்தை நிறுத்தி, மொத்தத் தொகையை அருகிலுள்ள 5 சென்னுக்குக் கொண்டுவரச் சொன்னதல்லவா? 17.76 ஆனாலும் 17.75 ஆனாலும் கையில் கொடுப்பது 17.75 தான். அட்டையில் கட்டுபவருக்கும், மாதக் கடைசியில் வரிக் கணக்கு எழுதும் அக்காவுக்கும்தான் இடித்தது. அவர் கவனித்துக் கேட்டிராவிட்டால் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

தீர்வைத் தேடியபோதுதான் 2008 ஆகஸ்டில் வெளியான 754 பதிப்பே பத்தடிமான எண் வடிவங்களைச் சேர்த்துவிட்டது தெரிந்தது. ஐபிஎம்மின் மைக் கௌலிஷா அதற்காகப் பல ஆண்டுகள் வாதாடியவர்; அந்தப் பதிப்பின் ஆசிரியரும் அவரே. சரிபாதியில் நிற்கும் எண்ணை மேலே தள்ளும் கடைக்கணக்கு முறையும் அப்போதுதான் சேர்ந்தது. அறிவியலாளர்கள் நிறைந்த குழுவில் வியாபாரிகளின் கணக்குக்காக ஒருவர் விடாமல் பேசியிருக்கிறார். எனக்கு அவர்மேல் மிகுந்த மரியாதை.

செபராங் ஜெயா வாசகர்:

இருவருக்கும் நன்றி. ஆனால் "தன்னார்வம்" என்பதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. வேறொரு துறையில், உள்ளூர்த் தரநிலைக் குழு ஒன்றில் அமர்ந்தவன் நான். பெரிய நிறுவனத்தின் ஆட்கள் சம்பளத்தோடு வந்தார்கள். சிறு பட்டறைக்காரர்கள் அன்றையக் கூலியை விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. போகப்போக நாற்காலிகள் காலியாயின. காலியான நாற்காலிகளுக்கு எதிரான வாசகங்கள் எளிதாக நிறைவேறின. என்னையும் ஒரு கட்டத்தில் என் முதலாளி விடுப்பு தர முடியாது என்று நிறுத்திவிட்டார். கணக்குக் குழுவில் மட்டும் இது நடக்காதா?

பாயான் லெப்பாஸ் பொறியாளர்:

ஐயா, நடக்கும். தொடக்கமே நிறுவனத்திலிருந்துதான். 1976 இல் இன்டெல்லில் ஜான் பால்மர், 8087 கணக்குச் சில்லுக்கு ஆலோசகராக பெர்க்லி பேராசிரியர் வில்லியம் கஹானை அழைத்தார். 1977 இல் 754 குழு கூடத் தொடங்கியதும், கஹான் தம் மாணவர் ஜெரோம் கூனனோடும் ஹெரால்ட் ஸ்டோனோடும் சேர்ந்து ஒரு வரைவு கொடுத்தார். எதிரில் டிஇசி நிறுவனம், தன் வேக்ஸ் கணினியின் முறையோடு நின்றது. சந்தையில் வேக்ஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் தரப்பும் இளைத்ததல்ல.

சண்டை முழுக்க மிகச் சிறிய எண்களைப் பற்றி. சேமிக்க முடியாத அளவுக்கு விடை சிறுத்தால் பூஜ்யமாக்கிவிடலாம் என்பது டிஇசி தரப்பு. படிப்படியாகத் துல்லியத்தைக் குறைத்துக்கொண்டே இறங்க வேண்டும் என்பது கஹான் தரப்பு. இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். இரண்டு எண்கள் சமமில்லை என்று சோதித்துவிட்டு, அவற்றின் வித்தியாசத்தால் வகுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஇசி முறையில் எண்கள் வேறு வேறாக இருந்தும் வித்தியாசம் பூஜ்யமாகலாம்; வகுத்தல் அங்கே உடையும். கஹான் முறையில் வித்தியாசம் பூஜ்யம் என்றால் இரண்டும் ஒரே எண்தான். நிரல் எழுதுபவர் தன் சோதனையை நம்பலாம். ஆனால் அதை வன்பொருளில் செய்தால் வேகம் குறையும் என்றார்கள்.

டிஇசி, பிழைப் பகுப்பாய்வில் பெயர்பெற்ற ஜி. டபிள்யூ. ஸ்டூவர்ட்டிடம் இதை ஆராயும்படி கேட்டது. அவர் 1981 இல் பாஸ்டனில் நடந்த கூட்டத்தில், எல்லாவற்றையும் எடைபோட்டால் படிப்படியாக இறங்குவதே சரி என்று சொல்லிவிட்டார். அமர்த்தியவர்களின் தரப்புக்கு எதிராக! அதன் பிறகும் ஒப்புதல் கிடைக்க 1985 ஆயிற்று. கஹானுக்கு 1989 இல் கணினித் துறையின் உயரிய டியூரிங் விருது கிடைத்தது. காசு கொடுத்தவர் யாராக இருந்தாலும் கணக்கு மேசைமேல் இருந்ததால் எல்லோராலும் சரிபார்க்க முடிந்தது. உங்கள் குழுவில் அந்த வசதி இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

வாக்கெடுப்பு விதியும் கொஞ்சம் காக்கிறது. வாக்காளர்களில் 75 விழுக்காட்டினர் வாக்குச் சீட்டைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஆம், இல்லை என்று வாக்களித்தவர்களில் 75 விழுக்காட்டினர் ஆதரிக்க வேண்டும். எதிர்த்தவர் காரணம் எழுதினால் குழு அதற்குப் பதில் எழுதியாக வேண்டும்; தீராத எதிர்ப்பை எல்லா வாக்காளர்களுக்கும் மறுபடி அனுப்பிக் காட்ட வேண்டும். 754 இல் வாக்கு தனி மனிதருக்கு. அதே ஆவணம் உலகத் தரநிலை அமைப்பான ஐஎஸ்ஓ பக்கம் 60559 என்ற எண்ணோடு போகும்போதுதான் நாட்டுக்கு ஒரு வாக்கு. நேரமும் விடுப்பும் இல்லாதவரின் நாற்காலி காலியாக இருக்கும் என்ற உங்கள் குறையை மட்டும் இந்த விதி எதுவும் தீர்க்காது. அதை ஒப்புக்கொள்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸ் தங்கைக்கு: 754 இன் அடுத்த திருத்தம் 2029 க்குள் வர வேண்டும். அந்த 16.75 வெள்ளி ரசீதை உள்ளீடு, எதிர்பார்த்த விடை, கிடைத்த விடை என்று ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். கருத்து அனுப்பக் குழுவில் உறுப்பினராக வேண்டியதில்லை. ஆங்கில வாசகத்தை நான் பார்த்துத் தருகிறேன்.