வேலை நாட்களில் புத்தகமும் ஓவியமும்: எப்படி நேரம் ஒதுக்குகிறீர்கள்?

கேள்வி:
இரண்டு மாதமாக ஒரே நாவல், இன்னும் 40ஆம் பக்கத்தைத் தாண்டவில்லை. ஓவியம் என்றால் எனக்கு உயிர். ஆனால் கைப்பேசியில் தள்ளித் தள்ளிப் பார்ப்பதில் எதுவும் மனதில் நிற்பதில்லை. என்ன செய்யலாம்?

பதில்:
வாரத்துக்கு ஒரே ஓவியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் டச்சு ஓவியர் வெர்மீர் 1660 வாக்கில் வரைந்த ‘பால் ஊற்றும் பெண்’ ஓவியத்தில் ஆரம்பித்தேன். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் அதைப் பெரிய அளவில் இணையத்தில் இலவசமாகவே தருகிறது. அச்செடுத்துச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். முதல் நாள் அந்தப் பெண் மட்டும்தான் கண்ணில் பட்டாள். நான்காம் நாள்தான் பின்சுவரில் ஓர் ஆணியும் அதன் குட்டி நிழலும், ஆணி பிடுங்கிய ஓட்டைகளும் தெரிந்தன. அப்புறம் ரொட்டி மேல் புள்ளி புள்ளியாக வெளிச்சம்! இத்தனையும் சுமார் 45 சென்டிமீட்டர் உயரமுள்ள ஓவியத்துக்குள். இன்னும் பிரமிப்பு அடங்கவில்லை.

இன்னொரு பதில்:
தூங்கும் முன் 10 பக்கம், கைப்பேசி வேறு அறையில். எனக்கு இதுதான் ஒத்துவந்தது. அந்த நாவல் பிடிக்கவில்லையென்றால் தயங்காமல் மூடிவிட்டு வேறொன்றை எடுங்கள்.

கேட்டவர்:
சரி, ஆணியை இப்போதே பெரிதாக்கிப் பார்த்தேன். நிழல் சாய்வாக விழுகிறது! நாளைக்கே அச்செடுக்கிறேன்.