ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் விசில் சத்தம்: டர்போவை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

வேலூர்க்காரன் (கேள்வி)

என்னிடம் இருப்பது 2014-ஆம் ஆண்டு வாங்கிய, டர்போ (வெளியேறும் வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) பொருத்திய 1.3 லிட்டர் டீசல் எஞ்சின் கொண்ட சிறிய கார். ஓட்டம் ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. சில வாரங்களாக, மூன்றாவது அல்லது நான்காவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால், ஏறக்குறைய 1,800 ஆர்பிஎம் தொடங்கி 2,500 வரை பானெட்டுக்குள்ளிருந்து விசில் சத்தம் எழுகிறது. காலை எடுத்தவுடன் நின்றுவிடுகிறது. நியூட்ரலில் எவ்வளவு முடுக்கினாலும் கேட்பதில்லை. ஏலகிரி மலைப்பாதையில் ஏறியபோது இழுவை குறைந்து, வழக்கத்துக்கு மாறாக இரண்டாவது கியருக்கு இறங்க வேண்டியிருந்ததுடன், பின்னால் கரும்புகையும் தள்ளியது. வண்டியைக் காட்டிய பட்டறையில், சத்தத்தைக் கேட்ட மாத்திரத்தில் டர்போ போய்விட்டது, முழுதாக மாற்ற வேண்டும் என்கிறார்கள். எதையும் கழற்றிப் பார்க்காமல் சொல்வதால் தயக்கமாக இருக்கிறது. பணத்தைக் கொட்டுவதற்கு முன் நானே பார்க்கக்கூடியவை எவை?

பழைய ஸ்பானர்

நீங்கள் எழுதியவற்றில் முக்கியமான துப்பு, நியூட்ரலில் சத்தம் இல்லை என்பதுதான். பெல்ட்டோ, ஆல்டர்னேட்டர் பேரிங்கோ, டென்ஷனர் உருளையோ கத்துவதானால் அது எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். நின்ற இடத்தில் முடுக்கினாலும் கேட்கும். உங்கள் வண்டியில் எஞ்சின் மீது பாரம் ஏறும்போது மட்டும் கேட்கிறது. நியூட்ரலில் எஞ்சின் வேகமாகச் சுற்றினாலும் எரியும் டீசல் கொஞ்சம்தான் என்பதால், டர்போவை வேகமாகச் சுழற்றும் அளவுக்குச் சூடான வாயு வெளியேறுவதில்லை, காற்றழுத்தமும் ஏறுவதில்லை. ஆகவே டர்போவுக்கும் எஞ்சினுக்கும் இடையில் அழுத்தக் காற்று எங்கோ கசிகிறது என்றே முதலில் சந்தேகிப்பேன். கரும்புகையும் அதற்குப் பொருந்துகிறது: ஏர் ஃபில்டரை அடுத்துள்ள சென்சார் உள்ளே வந்த காற்றை அளந்து சொல்ல, ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) அதற்கேற்ற டீசலை அனுமதிக்கிறது, அளந்த காற்றில் ஒரு பங்கு வழியிலேயே வெளியேறிவிட்டால், மிஞ்சும் டீசல் முழுதாக எரியாமல் கரியாகப் போகிறது.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் (சூடான அழுத்தக் காற்றைக் குளிர்விக்கும் பகுதி), அங்கிருந்து இன்டேக் மேனிஃபோல்டுக்கும் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்) போகும் ரப்பர் ஹோஸ்களைக் கையால் தடவிப் பாருங்கள். காற்றோடு வரும் லேசான எண்ணெய்ப் பசை, கசியும் இடத்தில் வெளியே வந்து புழுதியைப் பிடித்துக் கறுப்புத் திட்டாகப் படிந்திருக்கும். மேற்புறத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிட வேண்டாம். வளைவின் அடிப்புறமும், ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் கடிக்கும் ஓரமும்தான் எளிதில் கிழியும் இடங்கள். எஞ்சின் ஓடாதபோது கிழிசல் வாய் மூடியே இருக்கும். உள்ளே அழுத்தம் ஏறியதும்தான் திறந்து, ஊதிய பலூனின் வாயை இழுத்துப் பிடித்தது போலக் கத்தும். எனவே ஹோஸைக் கழற்றி, வளைத்து, விரித்துப் பார்ப்பதே நிச்சயமான வழி.

கொங்கு டீசல்

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஹோஸ் கழன்றிருக்கும் நேரத்திலேயே டர்போவையும் பார்த்துவிடுங்கள். டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரசர் பக்கத்துக் குழாயை எடுத்துவிட்டு, சக்கரத்தின் நடுத்தண்டை விரல்களால் பிடித்து அசைத்தால், பக்கவாட்டில் சிறிய ஆட்டம் இருக்கும். தண்டு எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்து சுழல்வதற்காக விடப்பட்ட இடைவெளி அது என்பதால் இயல்பானதே. இதைக் காட்டித்தான் பலரிடம் டர்போவை விற்றுவிடுகிறார்கள். முன்னும் பின்னும் இழுக்கும்போது கைக்குத் தெரியும்படி ஆட்டம் இருந்தாலோ, இறக்கைகள் உறையில் உரசிய தடம் இருந்தாலோ மட்டும் பட்டறைக்காரர் சொன்னது சரி. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் போகும் பொருள் அது. உரசல் கண்ட பிறகு ஓட்டக் கூடாது.

பெட்ரோல் கார்க்காரர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒன்று: ஐடிலிங்கிலேயே விசில் கேட்டு, ஆயில் டிப்ஸ்டிக்கைச் சற்றே உயர்த்தியதும் அது நின்றால், எஞ்சினின் அடிப்பகுதியான கிரான்க்கேஸின் காற்றோட்ட வால்விலுள்ள டயாஃப்ரம் (மெல்லிய ரப்பர் சவ்வு) கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். கசிவைத் தேடுவதற்காகச் சூடான எஞ்சின் மீது கார்புரேட்டர் கிளீனரைத் தெளிப்பது தீயை விலைக்கு வாங்கும் வேலை.

வேலூர்க்காரன்

இருவருக்கும் நன்றி. இன்டர்கூலரிலிருந்து மேலே வரும் ஹோஸின் அடிப்புறத்தில், கிளாம்ப்பை ஒட்டி, கட்டைவிரல் நகத்தின் அகலத்துக்கு ஒரு கிழிசல் இருந்தது. மேலிருந்து பார்த்தால் கறுப்புப் பிசுக்கு மட்டும்தான் தெரிந்தது. வளைத்த பிறகே வாய் திறந்தது. டர்போ தண்டில் முன்பின் ஆட்டம் இல்லை, உரசல் தடமும் இல்லை. புது ஹோஸ் போட்டதும் புகை நின்று இழுவையும் திரும்பிவிட்டது. ஆனால் கண்ணாடியை இறக்கிவிட்டு மதிற்சுவர் ஓரமாகப் போகும்போது மிக மெல்லிய சீறல் ஒன்று இன்னும் கேட்கிறது. இது இயல்பா? பழைய ஹோஸை ஒட்டுப்போட்டு அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாமா?

பழைய ஸ்பானர்

அந்தச் சீறல் எல்லா டர்போவிலும் உள்ளதுதான். சுவரில் பட்டுத் திரும்புவதால் காதில் விழுகிறது. அது நாளுக்கு நாள் உரத்துக்கொண்டே போய், நீலப்புகையும் வந்து, எஞ்சின் ஆயிலும் குறையத் தொடங்கினால் மட்டும் தண்டை மறுபடியும் பாருங்கள். சூட்டிலும் எண்ணெய்ப் பசையிலும் ஒட்டு நிற்காது என்பதால் பழைய ஹோஸைத் தூக்கிப் போட்டுவிடலாம். புது ரப்பர் சூடேறி ஆறும்போது சற்று அமுங்கும். சில நாள் ஓட்டிய பிறகு கிளாம்ப்பை ஒருமுறை சரிபார்த்து இறுக்குங்கள். அது பழைய கிளாம்ப் என்றால் அதன் ஓரத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். கூராக இருந்தால் மாற்றிவிடுங்கள், இல்லையேல் புது ஹோஸும் அதே இடத்தில் கிழியும்.