அப்பாவின் ரேடியோ லாக் குறிப்புகள், படிக்க உதவி வேண்டும்
கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? அப்பாவின் பழைய லாக் தாள்கள் சில கிடைத்தன, பாதிக்கு மேல் சுருக்கக் குறிகள்தான். க்யூஆர்எம் என்றால் மற்ற நிலையங்களின் குறுக்கீடு, க்யூஆர்என் என்றால் வானிலை இரைச்சல், அதுவரை சரி. மணிக்கு இரண்டு முறை, 15 முதல் 18 வரையும் 45 முதல் 48 வரையும், 500 கிலோஹெர்ட்ஸில் யாரும் மோர்ஸ் தட்டாமல் ஆபத்து அழைப்பு வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்களாம், கடிகாரத்திலேயே அந்த நிமிடங்களுக்குச் சிவப்பு அடித்திருக்கும் என்பார். அந்த இடமெல்லாம் எனக்குப் புரிகிறது. அப்புறம் அடிக்கடி ‘டிஆர்’ என்று போட்டு, ஒரு துறைமுகப் பெயரும் நேரமும் எழுதியிருக்கிறார். அது என்ன? 1999க்கு முன்னால், ஜிஎம்டிஎஸ்எஸ் (மோர்ஸுக்குப் பதிலாக வந்த, கப்பல்களுக்கான புதிய ஆபத்து அழைப்பு முறை) முழுதாக வருவதற்குள் பணியில் இருந்தவர்கள் சொன்னால் நல்லது. படம் எடுத்துப் போடுகிறேன், கையெழுத்துதான் கொஞ்சம் மோசம்.