மதுரை, கொடைக்கானல், மூணாறு: வேர்க்கடலை, முந்திரி அலர்ஜி உள்ள பையனோடு ஹோட்டலில் சாப்பிடுவது எப்படி?

தென்றல்_கோவை:
மகனுக்கு 6 வயது, எடை 20 கிலோ. வேர்க்கடலை, முந்திரி இரண்டுமே ஆகாது. துளி போனாலே உதடு வீங்கி மூச்சு இரைக்கும். டாக்டர் அவசர ஊசிக்கு அட்ரினலின் ஆம்பியூலும் (மருந்துள்ள சிறு கண்ணாடிக் குப்பி) சிரிஞ்சும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அடுத்த மாதம் மதுரை, கொடைக்கானல், மூணாறு என்று 6 நாள் பயணம். மூன்று வேளையும் ஹோட்டல் சாப்பாடுதான். என்ன கேட்க வேண்டும், எதைத் தொடவே கூடாது, மருந்தை எப்படி வைத்துக்கொள்வது?

சமையற்கட்டு:
"கடலை இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். ஒருவருக்குக் கடலை என்றால் பொட்டுக்கடலை, இன்னொருவருக்குக் கடலைப்பருப்பு, மற்றவருக்குக் கொண்டைக்கடலை. சப்ளையர் எதை நினைத்து "இல்ல சார்" என்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. "வேர்க்கடலை, நிலக்கடலை" என்று இரண்டு பெயரையும் சொல்லுங்கள். விழுப்புரம், கடலூர் பக்கத்து மாஸ்டர் என்றால் "மல்லாட்டை" என்றதும் பிடிபடும். மூணாறில் வேர்க்கடலைக்குக் கப்பலண்டி, முந்திரிக்கு அண்டிப்பரிப்பு.

முந்திரியில் வேறு சிக்கல். "முந்திரி போடுவீங்களா?" என்றால் மேலே தூவுவதை மட்டும் நினைத்துக்கொண்டு "போடாம தர்றோம்" என்பார்கள். அரைத்து ஊற்றியது கணக்கில் வராது. பரோட்டாவோடு வரும் வெள்ளைக் குருமா, பனீர் பட்டர் மசாலா, நவரத்தின குருமா எல்லாவற்றுக்கும் கெட்டித்தன்மை தருவது பெரும்பாலும் முந்திரி விழுதுதான். காலையிலேயே மொத்தமாக அரைத்து வைத்துவிடுவார்கள். உங்கள் ஒரு தட்டுக்காக மாற்ற முடியாது. அதனால் "இதுல என்னென்ன அரைச்சு சேர்க்குறீங்க?" என்று கேளுங்கள். சப்ளையரிடம் அல்ல, மாஸ்டரிடம். பகல் 12 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்கு முன்பும் போனால் மாஸ்டர் நின்று பதில் சொல்வார். கூட்ட நேரத்தில் யார் கேட்டாலும் "ஒண்ணும் இல்ல"தான் பதில்.

வெண்பொங்கலில் முந்திரியைப் பொறுக்கி எடுத்துவிட்டு ஊட்டுவது பலர் செய்யும் தவறு. முந்திரி வறுத்த நெய்தான் பொங்கல் முழுக்கக் கலந்திருக்கிறது. ரவா கிச்சடி, கேசரி, பாயசம் எல்லாம் அதே கதை. புளியோதரை, எலுமிச்சை சாதத்தில் வேர்க்கடலை வரும். கோயில் பிரசாதப் புளியோதரையையும் சேர்த்தே சொல்கிறேன்.

இட்லி நல்ல தேர்வு, ஆனால் வேகவைத்த இட்லித் தட்டிலிருந்து நேராக எடுத்தது. ஆபத்து சட்னியில் இருக்கிறது. நாலு கிண்ணம் சேர்த்த அந்த வாளியைக் கவனித்துப் பாருங்கள்: தேங்காய்ச் சட்னிக் கரண்டி ஒரு நேரம் காரச் சட்னியில் கிடக்கும், இன்னொரு நேரம் வேர்க்கடலைச் சட்னியில் கிடக்கும். பையனுக்கு வாளிச் சட்னியே வேண்டாம். கடையில் பாக்கெட் தயிர், சர்க்கரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தோசைக்கல்லைத் தண்ணீர் தெளித்துத் துடைப்பத்தால் தள்ளுவது சுத்தம் செய்ததாகாது. முந்தைய பொடி தோசையின் எச்சம் அதிலேயே இருக்கும்.

எண்ணெயையும் கேளுங்கள். நன்றாகச் சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் மிகக் குறைவு. செக்கில் ஆட்டியதில் புரதம் தங்கும். "மரச்செக்கு எண்ணெயில் சமைத்தது" என்று பெருமையாகப் போர்டு வைத்த கடை உங்களுக்கு ஆகாது.

ஊசிக்கணக்கு:
மருந்து பற்றி. வழக்கமான அளவு கிலோவுக்கு 0.01 மி.கி. ஆம்பியூலில் 1 மி.லி.க்கு 1 மி.கி. என்று இருந்தால் 20 கிலோவுக்கு 0.2 மி.லி. இதை உங்கள் டாக்டரிடம் உறுதிசெய்து, பெரிய எழுத்தில் எழுதி மருந்துப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள். பதற்றத்தில் யாருக்கும் கணக்கு வராது.

இன்சுலின் சிரிஞ்சு வாங்கிவிடாதீர்கள். அதன் ஊசி குட்டை, மருந்து தோலுக்கடியிலேயே நின்றுவிடும். கோடுகளும் யூனிட்டில் இருக்கும். 1 மி.லி. சிரிஞ்சும் தசை வரை போகும் 1 அங்குல ஊசியும் வேண்டும். இடம்: தொடையின் வெளிப்பக்கம், நடுப்பகுதி. அவசரத்தில் கால்சட்டை மேலேயே போடலாம். ஆம்பியூல் உடைப்பதுதான் கை நடுங்கும் இடம். மருந்துக்கடையில் ஸ்டெரைல் வாட்டர் ஆம்பியூல் நாலு வாங்கி, பயணத்துக்கு முன் நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் உடைத்து உறிஞ்சிப் பழகுங்கள். கையில் குறைந்தது 3 ஆம்பியூல் இருக்கட்டும். ஒன்று உடைக்கும்போதே சிதறும்.

மூச்சு இரைப்பு, குரல் கம்மல், அடுத்தடுத்து வாந்தி, துவண்டு போதல் வந்தால் உடனே ஊசி. தோலில் தடிப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். தடிப்பே வராமலும் தீவிரமாகலாம். முதலில் அலர்ஜி சிரப் கொடுத்துப் பார்ப்போம் என்பதும் வேண்டாம், அது அரிப்பைத்தான் குறைக்கும். ஊசி போட்டதும் 108. படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்கார வையுங்கள், நடக்க விடாதீர்கள். குறையவில்லை என்றால் 5 நிமிடத்தில் இரண்டாவது ஊசி. சரியானாலும் ஆஸ்பத்திரி போயே ஆக வேண்டும், சில மணி நேரம் கழித்து அலர்ஜி மறுபடியும் தலைதூக்கலாம்.

மருந்தை காரின் டேஷ்போர்டில் வைக்காதீர்கள், ஐஸ் பையிலும் வேண்டாம். 25 டிகிரிக்குள், வெளிச்சம் படாமல், பையன் இருக்கும் இடத்தில் இருக்கட்டும், ரூமில் அல்ல.

மலைப்பாதை:
வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது பல வளைவுகளில் சிக்னல் இருக்காது, ஆம்புலன்ஸ் வரவும் நேரமாகும். மலை ஏறுவதற்கு முந்தைய 2 மணி நேரம் புதிதாக எதையும் கொடுக்காதீர்கள். வீட்டிலிருந்து கொண்டுபோனது மட்டும். மூணாறு ஏற்றத்துக்கும் இதே விதி.

கொடைக்கானலில் ஹோம்மேட் சாக்லேட் வேண்டவே வேண்டாம். கிலோ கணக்கில் திறந்த தட்டில் முந்திரிச் சாக்லேட்டும் சாதாச் சாக்லேட்டும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே இடுக்கி. பையன் அழுவான், லேபிள் படித்த பாக்கெட் ஒன்றைப் பையில் தயாராக வைத்திருங்கள்.

10 அல்லது அதற்கு மேல் கிளைகள் உள்ள உணவகங்கள் அலர்ஜிப் பொருள்களைத் தெரிவிக்க வேண்டும் என்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) 2020 விதியில் இருக்கிறது. பெரிய கடையில் தயங்காமல் கேளுங்கள்.

தென்றல்_கோவை:
ரொம்ப நன்றி. ஜிகர்தண்டா? பிஸ்தா ஐஸ்கிரீம்?

சமையற்கட்டு:
ஜிகர்தண்டாவில் போடும் பாதாம் பிசின் மரத்தின் கோந்துதான், பருப்பு இல்லை. ஆனால் கடைக்குக் கடை மேலே முந்திரி, பிஸ்தா தூவுவார்கள், ஐஸ்கிரீம் கரண்டியும் பொது. விட்டுவிடுங்கள். முந்திரி ஆகாதவர்களில் பெரும்பாலோருக்குப் பிஸ்தாவும் ஆகாது, இரண்டும் ஒரே குடும்பம். டாக்டர் சோதித்துச் சொல்லும் வரை பிஸ்தாவையும் முந்திரியாகவே நினைத்துக்கொள்ளுங்கள். மதுரை வெயிலுக்கு, கண்முன்னே வெட்டிய இளநீர்.